ஹாலோவீன் விருந்துக்கு மூன்று பேய்ப் பலகாரங்கள்: முதல் தடவை பேக் செய்கிறவர்களுக்கு

ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 நெருங்கும்போது கடைகளில் அடுக்கிவைக்கிற பேய் கேக்குகள் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். வாயில் போட்டால் சர்க்கரையும் சாயமும்தான். வீட்டில் முதல் தடவை செய்கிறவர்களும் பெரும்பாலும் அதே வழியில்தான் போகிறார்கள்: ஒரு பாக்கெட் கேக் மிக்ஸைச் சுட்டு எடுத்து, அதன் தலையில் கறுப்பும் ஆரஞ்சும் ஊதாவுமாகக் கலரைக் கொட்டிவிடுவது. பிள்ளைகளின் பல்லும் நாக்கும் கறுத்துப்போகும், தட்டில் பாதி மிஞ்சும்.

பயமுறுத்தும் வேலையைச் சாயத்திடம் விடாமல் உருவத்திடமும் பொருளின் சொந்த நிறத்திடமும் விட்டால் இந்தத் தொல்லை இல்லை. வெண்ணெய் பிஸ்கட் மாவை மெலிதாக உருட்டி நுனியில் ஒரு பாதாமை அழுத்தினால் அது சூனியக்காரியின் விரல். முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் கூம்பாகப் பிழிந்தால் குட்டிப் பேய், இந்த நுரைப் பலகாரத்துக்கு மெரிங்கு என்று பெயர். கருங்கோகோ போட்ட கேக் தானாகவே கரி நிறத்தில் வரும். அதன் மேல் வெள்ளைச் சாக்லேட்டில் ஒரு சிலந்தி வலை. மூன்றிலும் சேர்த்து ஒரு சொட்டுச் சாயம் கிடையாது. இருபது பேர் வரும் விருந்துக்கு இந்த மூன்று தாராளம். ஐந்தாறு வகை என்று ஆரம்பித்தால் எதுவும் உருப்படியாக வராது.

இந்த நாளுக்கும் அடுப்புக்கும் உள்ள உறவு பழையது. அயர்லாந்தில் ஹாலோவீனுக்கு பார்ம்பிராக் என்ற உலர்பழ ரொட்டிக்குள் ஒரு மோதிரத்தை ஒளித்துவைத்துச் சுடுவார்கள். யார் துண்டில் மோதிரம் வருகிறதோ அவருக்குச் சீக்கிரம் கல்யாணம் என்று நம்பிக்கை. இங்கிலாந்தில் இறந்தவர்களுக்காகப் பிரார்த்தித்தபடி வீடு வீடாக வந்தவர்களுக்கு 'சோல் கேக்' என்ற சிறிய மசாலா ரொட்டிகளைக் கொடுத்தார்கள். பரங்கிக்காய் விளக்கு பிற்பாடு அமெரிக்காவில் சேர்ந்தது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். பரங்கியைவிட அது பார்க்கக் கோரம்.

நாள் கணக்கும் சாமான்களும்

விருந்து சனிக்கிழமை மாலை என்று வைத்துக்கொள்வோம். புதன் இரவு விரல் மாவைப் பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். வியாழன் மெரிங்குப் பேய்கள். வெள்ளிக்கிழமை விரல்களையும் கேக்கையும் சுட வேண்டும். சனி காலை கேக்கின் மேல்பூச்சும் வலையும். விரல்களுக்கு ஜாம் தடவுவது விருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான். இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் மெரிங்கு. அது அவனுக்குள், அதாவது பேக்கிங் அடுப்புக்குள், போனால் வெளியே வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை அதில் வேறெதையும் வைக்க முடியாது.

ஒரு டிஜிட்டல் தராசு அவசியம். கப் கணக்கை நம்பி மைதாவை அளந்தால், தளர்வாக அள்ளும் கைக்கு ஒரு கப் 120 கிராமாகவும், டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளும் கைக்கு 150 கிராமாகவும் வரும். அந்த வித்தியாசத்தில் பிஸ்கட் ஒருவருக்கு வழியும், இன்னொருவருக்கு உதிரும். அமெரிக்காவில் வெண்ணெய் 'ஸ்டிக்' கணக்கில் வரும். ஒரு ஸ்டிக் 113 கிராம். உப்பில்லாத வெண்ணெயாகவே வாங்குங்கள்.

அவனுக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்றும் வாங்கிக்கொள்வது நல்லது. குமிழில் எழுதியிருக்கும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பல வீடுகளில் ஒத்துப்போவதில்லை; கேக் பொறுத்துக்கொள்ளும், மெரிங்கு பொறுக்காது. கீழே கொடுத்திருக்கும் அளவுகள் விசிறி ஓடாத சாதாரண அவனுக்கு. விசிறி ஓடினால் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் குறைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி கை பீட்டர், இரண்டு தட்டையான ட்ரே, பேக்கிங் பேப்பர், பைப்பிங் பை, ஆறவைக்கக் கம்பித் தட்டு இருந்தால் போதும். பைப்பிங் பைக்கு ஒரு சென்டிமீட்டர் வட்ட நாசில் தேவை. நாசில் இல்லையென்றால் கனமான பிளாஸ்டிக் பையின் மூலையை அந்த அளவுக்கு வெட்டியும் ஒப்பேற்றலாம்.

சூனியக்காரி விரல்கள்

வெண்ணெய் 225 கிராம், பொடித்த சர்க்கரை 120 கிராம், பெரிய முட்டை ஒன்று, வெண்ணிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன், மைதா 350 கிராம், உப்பு அரை டீஸ்பூன், தோல் நீக்கிய பாதாம் ஐம்பத்தைந்து அறுபது. இந்த அளவுக்கு அதே எண்ணிக்கையில் விரல்கள் வரும். எல்லாவற்றையும் பாதியாக்கிச் செய்யலாம். முட்டையை மட்டும் அடித்துவிட்டு, எடை பார்த்து 25 கிராம் ஊற்றுங்கள்.

பல செய்முறைகளில் இதற்கு பேக்கிங் பவுடர் போடச் சொல்லியிருப்பார்கள். வேண்டாம். பேக்கிங் பவுடரின் வேலை உப்பவைப்பது. உப்பினால் விரல் வாழைப்பழமாகிவிடும். சர்க்கரையும் பொடித்ததாகத்தான் இருக்க வேண்டும். குறுணைச் சர்க்கரை அவனில் உருகி மாவைப் பரவவிடும், கீறிவைத்த ரேகைகள் அழிந்துபோகும்.

1. வெண்ணெயை வெளியே எடுத்துவைத்து, விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்துக்கு வரவிடுங்கள். பளபளவென்று உருக ஆரம்பித்திருந்தால் அது அளவு கடந்துவிட்டது, திரும்பக் குளிரவையுங்கள்.

2. வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் ஒரு நிமிடம், இரண்டும் கலக்கும் வரை மட்டும் அடியுங்கள். கேக்குக்கு அடிப்பதுபோல் வெளுத்து நுரைக்கும் வரை அடித்தால் காற்று ஏறி, சுடும்போது விரல்கள் புடைக்கும். பிறகு முட்டையும் வெண்ணிலாவும்.

3. மைதாவையும் உப்பையும் சலித்துப் போட்டு, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத வரை கரண்டியால் கிளறி, கையால் ஒன்றுசேர்த்துவிடுங்கள். பிசையக்கூடாது, பிசைந்தால் மாவில் இழுவை வந்து பிஸ்கட் கடினமாகிவிடும்.

4. தட்டையாக அமுக்கி, மூடிக்கட்டி, குறைந்தது ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாள்வரை தாங்கும். மாவைப் பச்சையாக ருசி பார்க்க யாரையும் விடாதீர்கள், பிள்ளைகளை முக்கியமாக. முட்டை போடாத மாவாக இருந்தாலும் பச்சை மைதாவிலேயே கிருமிகள் இருக்கலாம்.

5. மாவை நான்காகப் பிரித்து, ஒரு பங்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஒரு விரலுக்கு 12 கிராம். முதல் இரண்டு மூன்றை நிறுத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் கைக்கே அளவு தெரியும். உங்கள் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் மெல்லிசாக, ஒன்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு உருட்டுங்கள். உருட்டும்போது 'இது ரொம்ப மெல்லிசு' என்று தோன்றினால் சரியான அளவில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அவனில் கட்டாயம் அகலமாகும்.

6. இரண்டு இடத்தில், மூட்டுக்கு மேலும் கீழும், பக்கவாட்டில் லேசாகக் கிள்ளுங்கள். நடுவில் மூட்டு தானாகப் புடைத்துத் தெரியும். அந்தப் புடைப்பின் மேல் கத்தியின் மழுங்கிய பக்கத்தால் மூன்று நான்கு கோடுகள். கோடுகள் ஆழமாக, கிட்டத்தட்ட பாதி கனம்வரை இறங்க வேண்டும். மேலோட்டமாகக் கீறினால் வெந்தபின் ஒன்றும் மிஞ்சாது. எல்லா விரலும் ஒரே நேராக இருக்க வேண்டியதில்லை. சில வளைந்து, சில முடிச்சு விழுந்து இருந்தால்தான் கிழவியின் கைபோல் இருக்கும்.

7. நுனியில் பாதாமை, கூர்ப்பக்கம் வெளியே பார்க்க, நன்றாக அழுத்துங்கள். ட்ரேயோடு இருபது நிமிடம் ஃபிரீசரில். இந்தக் குளிர்ச்சியைத் தவறவிடாதீர்கள். வெண்ணெய் உருகுவதற்கு முன் மாவின் வெளிப்புறம் வெந்து இறுக வேண்டும்; சூடான சமையலறையில் உருட்டிய விரலை நேராக அவனுக்குள் தள்ளினால் வெண்ணெய் முந்திக்கொள்ளும்.

8. 165 டிகிரி செல்சியஸ், அதாவது 325 பாரன்ஹீட்டில் 16 முதல் 20 நிமிடம். அடிப்பக்க ஓரம் மட்டும் லேசான பொன்னிறமாகும்போது எடுத்துவிடுங்கள். மேலே வெளிறித்தான் இருக்க வேண்டும். சிவந்தால் விரல் பிஸ்கட்டாகத் தெரிய ஆரம்பித்துவிடும். சூடாக இருக்கும்போது தொட்டால் உடையும், ட்ரேயிலேயே ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு எடுங்கள்.

பாதி நகங்கள் கழன்று வரும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதுதான் வேண்டும். விதையில்லாத ராஸ்ப்பெர்ரி ஜாம் இரண்டு மேசைக்கரண்டியைச் சூடாக்கி, நகம் இருந்த பள்ளத்தில் கால் டீஸ்பூன் விட்டு, பாதாமைத் திரும்ப அழுத்துங்கள். ஓரங்களில் ரத்தம் கசிந்து நிற்கும். வெட்டுப்பட்ட பக்கத்திலும் கொஞ்சம் தடவலாம். இதை முந்தின நாளே செய்தால் ஜாமின் ஈரம் இறங்கி அந்த இடம் மட்டும் நமுத்துவிடும். ஒரு சிட்டிகை கோகோவை உலர்ந்த பிரஷ்ஷால் மூட்டுக் கோடுகளில் தேய்த்தால் அழுக்கேறிய விரல் கிடைக்கும். பச்சைக் கலர் கலந்த மாவில் செய்வோரும் உண்டு. வெளிறிய விரலின் பயங்கரம் அதில் வராது.

பாதாமுக்குத் தோல் நீக்க, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துப் பிதுக்கினால் போதும். நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே மாவில் வையுங்கள். முட்டை சேர்க்காத வீடுகளில் முட்டைக்குப் பதில் இரண்டரை மேசைக்கரண்டி பால். ருசி கொஞ்சம் ஷார்ட்பிரெட் பக்கம் சாயும், உருவத்துக்குக் குறையில்லை.

மெரிங்குப் பேய்களும் எலும்புகளும்

மூன்றே பொருள், ஆனால் மூன்று பலகாரத்திலும் இதுதான் படுத்தும். பெரிய முட்டை மூன்றின் வெள்ளைக்கரு, ஏறக்குறைய 100 கிராம். குறுணை சின்னதான சர்க்கரை 200 கிராம். கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புப் பொடி கால் டீஸ்பூன், இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன். சர்க்கரை பெரிய குறுணையாக இருந்தால் மிக்ஸியில் பத்து விநாடி ஓட்டிக்கொள்ளுங்கள். 200 கிராமா என்று மலைத்துக் குறைத்துவிடாதீர்கள். சர்க்கரைதான் இங்கே கட்டிடத்துக்குச் சிமெண்டு.

முதல் எதிரி எண்ணெய்ப் பிசுக்கு. தீபாவளி பல வருஷங்களில் இதே வாரங்களில் வரும், 2024இல் இதே நாளிலேயே வந்தது. முறுக்கும் அதிரசமும் பொரித்துக்கொண்டிருக்கும் சமையலறையில் பாத்திரங்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் படிந்திருக்கும். அந்தப் பாத்திரத்தில் வெள்ளைக்கரு எத்தனை நேரம் அடித்தாலும் எழும்பாது. எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தையும் பீட்டர் கம்பிகளையும் ஒரு சொட்டு வினிகரால் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் ஆகாது, பிசுக்கை விடவே விடாது. மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும் இதே கதைதான். அதனால் ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பிரித்து, பார்த்துவிட்டுப் பெரியதில் சேர்க்க வேண்டும். முட்டை குளிர்ந்திருக்கும்போது பிரிப்பது சுலபம், அறைச் சூட்டுக்கு வந்தபின் அடிப்பது சுலபம்.

அவனை 95 டிகிரி செல்சியஸுக்கு, 200 பாரன்ஹீட்டுக்கு, சூடாக்கிவிட்டு வெள்ளைக்கருவை கிரீம் ஆஃப் டார்ட்டரோடு நடுத்தர வேகத்தில் அடியுங்கள். பீட்டரைத் தூக்கினால் நுனி மெதுவாகச் சாய்கிற பதம் வந்ததும் சர்க்கரையை ஒரு மேசைக்கரண்டி வீதம் சேர்க்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு கரண்டிக்கும் நடுவே இருபது விநாடியாவது அடிக்க வேண்டும். மொத்தம் எட்டு முதல் பத்து நிமிடம் பிடிக்கும். அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் சர்க்கரை கரையாமல் தங்கிவிடும். அது பிறகு அவனுக்குள் உருகி, பேயின் காலடியில் பாகாகத் தேங்கும். முடிந்ததா என்று பார்க்க, கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் இன்னும் அடிக்க வேண்டும். வழவழப்பாக, பளபளப்பாக, நுனி ஆணி மாதிரி நட்டுக்குத்தாக நின்றால் போதும். அதற்கு மேலும் விடாமல் அடித்தால் நுரை வறண்டு திரிதிரியாகிவிடும்.

பேப்பர் நகராமல் இருக்க நான்கு மூலையிலும் ஒரு பொட்டு மெரிங்கை வைத்து ட்ரேயோடு ஒட்டுங்கள். பேய்க்கு: பையைச் செங்குத்தாகப் பிடித்து, நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு குமிழ் பிழிந்து, அழுத்தத்தைக் குறைத்தபடி மேலே தூக்கி இரண்டாவது குமிழ், அதன் மேல் மூன்றாவது, அதன்பின் அழுத்துவதை நிறுத்திவிட்டு வெடுக்கென்று தூக்குங்கள். அழுத்திக்கொண்டே தூக்கினால் வால் நீண்டு சாயும். எலும்புக்கு: ஏழு சென்டிமீட்டர் நீளக் கோடு, இரண்டு முனையிலும் அடுத்தடுத்து இரண்டு உருண்டை. உருண்டையின் கூர்முனையை ஈர விரலால் தட்டிவிடுங்கள். இந்த அளவில் இருபது பேயும் பதினைந்து எலும்பும் வரும். எலும்பு மெலிந்தது, அதற்குத் தனி ட்ரே வைத்தால் முன்னதாக எடுக்க வசதி.

எலும்புகளுக்கு ஒன்றரை மணி நேரம், பேய்களுக்கு இரண்டு. நடுவில் கதவைத் திறக்காதீர்கள். பேப்பரிலிருந்து சுத்தமாகக் கழன்று வந்தால் உள்ளே உலர்ந்துவிட்டது. ஒட்டினால் இன்னும் இருபது நிமிடம். அடுப்பை அணைத்துவிட்டுக் கதவை மூடியபடியே உள்ளேயே ஆறவிடுங்கள், இரவு முழுக்க இருந்தாலும் நல்லதுதான். இந்த வேலையைச் சமைப்பது என்று நினைப்பதைவிட வற்றல் காயவைப்பது என்று நினைத்துக்கொண்டால் ஏன் இவ்வளவு நேரம் என்பது புரியும்.

தப்பு எங்கே என்பதை மெரிங்கே காட்டிக்கொடுத்துவிடும். லேசாகப் பழுப்பேறினால் அவன் சூடு அதிகம். மேற்பரப்பில் தேன் துளிபோல் முத்து முத்தாகக் கசிந்தாலும் அதே காரணம். விரிசல் விழுந்தால் பாதியில் கதவு திறந்தது, அல்லது சூடாக வெளியே எடுத்தது. பிழிந்த உடனே பேய் தட்டையாக உட்கார்ந்துவிட்டால் அடித்தது போதவில்லை. அந்தக் கலவையைத் திரும்பக் கிண்ணத்துக்குள் போட்டு இன்னும் இரண்டு நிமிடம் அடித்துப் பார்க்கலாம். மறுநாள் பிசுபிசுத்தால் அது காற்றின் ஈரம். மழை நாளில் மெரிங்கு செய்வதைத் தள்ளிப்போடுவது உத்தமம், இலையுதிர்கால லண்டனில் அது எப்போதும் நடக்கிற காரியமில்லைதான். பிசுபிசுத்தவற்றை அதே 95 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து ஆறவிட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

கண்ணும் வாயும் முழுக்க ஆறியபின். உருக்கிய கறுப்புச் சாக்லேட்டில் பல்குத்தும் குச்சியைத் தோய்த்து, இரண்டு புள்ளி, கீழே ஒரு நீள்வட்டம். தண்ணீர் கலந்த கலரால் வரையாதீர்கள், மெரிங்கு அந்த இடத்தில் கரைந்து குழி விழும். காற்றுப்புகாத டப்பாவில், அறைச் சூட்டில் ஒரு வாரம்வரை இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும்.

முட்டை வேண்டாம் என்றால் கொண்டைக்கடலை டின்னில் இருக்கும் தண்ணீர் இதற்கு உதவும். உப்பில்லாத டின்னாகப் பார்த்து வாங்கி, வடித்த நீர் 120 மில்லியை கால் டீஸ்பூன் கிரீம் ஆஃப் டார்ட்டரோடு பத்து நிமிடம் அடித்தால் வெள்ளைக்கரு மாதிரியே நுரைத்து நிற்கும். சர்க்கரை 150 கிராம். வீட்டில் வேகவைத்த கடலைத் தண்ணீர் என்றால் வெள்ளைக்கரு பதத்துக்குச் சுண்டவைத்து ஆறவைக்க வேண்டும். வெந்தபின் கடலை வாடை அநேகமாகத் தெரியாது. ஆனால் முட்டை மெரிங்கைவிட வேகமாக ஈரம் இழுக்கும், அதனால் விருந்துக்கு முந்தின நாள் செய்து, பரிமாறும்வரை டப்பாவைத் திறக்காமல் வையுங்கள்.

கறுப்புக் கேக்கின் மேல் சிலந்தி வலை

கறுப்பு நிறத்துக்குக் கலர் தேவையில்லை என்று சொன்னது கருங்கோகோவை வைத்து. சாதாரண கோகோவைக் காரத்தில் பதப்படுத்தினால் டச்சு கோகோ. அதையே இன்னும் கடுமையாகப் பதப்படுத்தினால் கருங்கோகோ, கறுப்புக் கிரீம் பிஸ்கட்டுகளின் நிறமும் வாசனையும் அதிலிருந்துதான். கொழுப்பு குறைவு என்பதால் முழுக்க அதையே போட்டால் கேக் வறண்டு, சாக்லேட் ருசியும் மங்கும். பாதிக்குப் பாதி சரியான கணக்கு.

மைதா 125 கிராம், சர்க்கரை 190 கிராம், டச்சு கோகோ 20 கிராம், கருங்கோகோ 20 கிராம், பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன், பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். இவற்றைச் சலித்துக் கலந்து, முட்டை ஒன்று, மோர் 120 மில்லி, வாசனையில்லாத எண்ணெய் 60 மில்லி சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்குங்கள். கடையில் விற்கும் கெட்டியான பட்டர்மில்க் கிடைக்காவிட்டால் தயிரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்தது போதும். கடைசியில் கொதிநீர் அல்லது சூடான காப்பி டிகாக்‌ஷன் 120 மில்லி. மாவு தோசை மாவைவிட நீர்த்து இருக்கும், பயந்து மைதா சேர்க்காதீர்கள். பேக்கிங் சோடாவையும் கூட்டக்கூடாது: டச்சு கோகோவிலும் கருங்கோகோவிலும் புளிப்பு இல்லை, சோடாவுக்குத் தேவையான புளிப்பு மோரிலிருந்து மட்டும்தான் வருகிறது. மிஞ்சினால் சோப்பு ருசி தட்டும்.

இருபது சென்டிமீட்டர் வட்ட டின்னில் பேப்பர் போட்டு, 175 டிகிரி செல்சியஸ், 350 பாரன்ஹீட்டில் 30 முதல் 35 நிமிடம். கறுப்புக் கேக்கில் நிறத்தை வைத்து வெந்ததா என்று சொல்ல முடியாது. நடுவில் குச்சியைக் குத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றிரண்டு ஈரத் துணுக்கு ஒட்டலாம், மாவு ஒட்டக்கூடாது. முழுக்க ஆறியபின் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கம் சமமாக இருக்கும், வலை வரைய அதுதான் தளம்.

மேல்பூச்சு கனாஷ். கறுப்புச் சாக்லேட் 150 கிராமைப் பொடியாக நறுக்கி, விப்பிங் கிரீம் 150 மில்லியை ஓரத்தில் குமிழ் வரும்வரை சூடாக்கி அதன் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவிலிருந்து மெதுவாகக் கலக்கினால் பளபளப்பாகச் சேரும். எண்ணெய் பிரிந்தால் இன்னும் ஒரு மேசைக்கரண்டி சூடான கிரீம் விட்டுக் கலக்குங்கள், சேர்ந்துவிடும். தொட்டால் வெதுவெதுப்புகூடத் தெரியாத அளவுக்கு ஆறட்டும், ஆனால் ஊற்றினால் ஓட வேண்டும்.

அது ஆறுவதற்குள் வெள்ளைச் சாக்லேட் 50 கிராமை மைக்ரோவேவில் பாதிச் சக்தியில், பதினைந்து விநாடிக்கு ஒருமுறை எடுத்துக் கலக்கி உருக்குங்கள். வெள்ளைச் சாக்லேட் சீக்கிரம் தீய்ந்துபோகும். கிண்ணம் ஈரமாக இருந்தால் ஒரு சொட்டிலேயே இறுகிப் புட்டு மாவாகிவிடும். பிறகு அதை வைத்து வரைய முடியாது. சின்னப் பையில் ஊற்றி, நுனியை இரண்டு மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள்.

இனி வேகம் தேவை. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கனாஷை நடுவில் ஊற்றி ஓரத்துக்குத் தள்ளுங்கள். உடனே, நடுவில் ஒரு பொட்டு, அதைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கு வட்டம். வட்டம் கோணலானால் பாதகமில்லை, சிலந்திகளும் கோணலாகத்தான் கட்டுகின்றன. பல்குத்தும் குச்சியை நடுப்பொட்டில் வைத்து ஓரம்வரை ஒரே இழுப்பு. குச்சியைத் துடைத்துவிட்டு அடுத்தது. முதலில் எதிரெதிராக நான்கு, பிறகு அவற்றுக்கு நடுவே நான்கு என்று எட்டு இழுப்பு. துடைக்காமல் இழுத்தால் கோடு அழுக்காகும். குச்சி மேற்பரப்பை மட்டும் தொட வேண்டும், கேக்கைக் குத்தக்கூடாது.

வெள்ளை வட்டம் உள்ளே மூழ்கினால் கனாஷ் இன்னும் சூடு. இழுக்கும்போது கோடு பிய்ந்தால் கனாஷுக்கு ஆடை கட்டிவிட்டது. அப்படி ஆனால் ஹேர் டிரையரை ஓரடி தூரத்தில் பிடித்துச் சில விநாடி லேசான சூடு காட்டுங்கள். மிஞ்சிய கனாஷை ஃபிரிட்ஜில் இறுகவிட்டு ஒரு கோலி உருண்டையும் ஒரு பட்டாணி உருண்டையும் உருட்டிச் சேர்த்தால் சிலந்தி. காலுக்கு, உருக்கிய சாக்லேட்டைப் பேப்பரில் எட்டு வளைகோடுகளாகப் பிழிந்து குளிரவைத்துக் குத்துங்கள். உடையும் என்பதால் பன்னிரண்டாகவே பிழிந்துகொள்வது புத்திசாலித்தனம்.

பரங்கிக்காய் பற்றி ஒரு வார்த்தை

ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு பரங்கி மஃபின் போதும், அதற்குச் செய்முறை எங்கும் கிடைக்கும். இரண்டு இடத்தில் மட்டும் கவனம். டின் வாங்கும்போது மசித்த பரங்கி மட்டும் உள்ளதா என்று பாருங்கள். பக்கத்திலேயே 'பை ஃபில்லிங்' டின் இருக்கும், அதில் சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே கலந்திருக்கும். இரண்டாவது, விளக்குக்குக் குடைந்த பெரிய பரங்கியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். அந்த ரகம் நீர்த்தது, நார் மிகுந்தது, வாசலில் நாலு நாள் கிடந்தபின் சாப்பிடவும் தகாது.

தட்டில் வைக்கும் முன்

வரும் பிள்ளைகளில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அமெரிக்கச் சட்டம் முக்கிய ஒவ்வாமைப் பொருள்கள் என்று ஒன்பதைச் சொல்கிறது: பால், முட்டை, மீன், ஓடுள்ள கடலுணவு, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, 2023 ஜனவரி முதல் எள். மேலே உள்ள மூன்று பலகாரத்திலுமாகச் சேர்த்து இவற்றில் பால், முட்டை, பாதாம், கோதுமை நான்கும் இருக்கின்றன. கடைச் சாக்லேட்டில் சோயாவும் இருக்கலாம். ஒவ்வொரு தட்டின் முன்னும் ஒரு சீட்டில் எழுதிவையுங்கள். பிள்ளைகள் வீடு வீடாகத் தின்பண்டம் வாங்கப் போகும்போது வாசலில் மயில்பச்சை நிறப் பரங்கி வைத்த வீட்டைப் பார்த்தால், அங்கே ஒவ்வாமையுள்ள பிள்ளைகளுக்காகத் தின்பண்டம் அல்லாத பரிசும் இருக்கிறது என்று பொருள்; உணவு ஒவ்வாமைக்கான ஃபேர் என்ற அமைப்பு 2014இல் அமெரிக்கா முழுக்கக் கொண்டுவந்த ஏற்பாடு அது.

பாதாம் ஆகாதவர்களுக்குப் பச்சைப் பரங்கி விதையை நகமாக வைக்கலாம், பச்சை நகம் இன்னும் விகாரமாக இருக்கும் என்பது உபரி லாபம். ஆனால் ஒரே கத்தியையும் ட்ரேயையும் இரண்டுக்கும் பயன்படுத்தக்கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே முழுப் பாதாம் எதுவும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். அவர்களுக்கான விரல்களில் டீஸ்பூனின் பின்புறத்தால் நகப் பள்ளம் மட்டும் அழுத்தி ஜாமை நிரப்பிவிடுங்கள். பள்ளிக்கு அனுப்புவதாக இருந்தால் முதலில் விசாரியுங்கள், வீட்டில் செய்ததை அனுமதிக்காத பள்ளிகள் பல.

சைவக் குடும்பங்கள் அழைக்கப்பட்டிருந்தால், அலங்காரத்துக்குக் கடையில் வாங்கும் சாமான்களின் பின்பக்கத்தைப் படிப்பது நல்லது. மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. கேண்டி கார்ன் பலவற்றிலும் அது உண்டு. சில சிவப்புக் கலர்களில் இருக்கும் கார்மைன், அதாவது ஈ120, பூச்சியிலிருந்து எடுப்பது.

மேசையில் புகை மண்ட உலர்பனி (டிரை ஐஸ்) வைக்க நினைப்பவர்களுக்கு: அதைக் குடிக்கும் பாத்திரத்துக்குள் போடவே கூடாது, வெறுங்கையால் தொடவும் கூடாது. பெரிய கிண்ணத்தில் வெந்நீரும் உலர்பனியும், அதற்குள் தனியாகப் பானக் கிண்ணம், ஜன்னல் திறந்திருக்கட்டும். பிள்ளைகள் அதிகம் ஓடும் வீடென்றால் இந்த ஆசையையே விட்டுவிடலாம்.

விரல்களைக் கிண்ணத்தில் குவிக்காமல், ஐந்தைந்தாகக் கைபோல் விரித்து, மணிக்கட்டுப் பக்கம் ஒரு எலும்பை வைத்து அடுக்கினால் எடுபடும். மெரிங்கை ஜாம் இருக்கும் தட்டில் வைக்காதீர்கள், ஈரம் ஏறும். கேக்கை வெட்டும்போது கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து ஒவ்வொரு துண்டாக வெட்டுங்கள், வலை கலையாது. மிஞ்சினால்: ஜாம் தடவாத விரல்கள் டப்பாவில் ஒரு வாரம், கேக் ஃபிரிட்ஜில் மூன்று நாள். உடைந்த மெரிங்கை நொறுக்கி, அடித்த கிரீமும் பழமும் சேர்த்து அன்றிரவே காலி செய்துவிடலாம்.